வெள்ளைக் கோட்டின் கெட்ட பக்கம்

கடையில் சாக்பீஸ் காணாமல் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து சாக்பீஸ் அல்ல. துணியில் கோடு போட டெய்லர்கள் வைத்திருப்பார்களே, தட்டையாக, ஓரம் கூராக, அது. ஒரு பெட்டி வாங்கிப் போட்டால் இரண்டு மாதத்துக்குக் கவலையில்லை என்றிருந்த கடையில், இப்போது ஒரு பெட்டி பத்து நாள் தாங்கவில்லை.

"எலி," என்றாள் அண்ணி.

அண்ணி எலி என்று சொல்லிவிட்டால் எலிதான். ஒருமுறை ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டு, போட்டுப் பார்க்க வந்த மனுஷனிடம் உங்கள் தோள்தான் கோணல் என்று சாதித்து அனுப்பியவள் அவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த இருபத்தாறு வருடத்தில், 'நான் பண்ணினது தப்பு' என்று அவள் சொல்லிக் கேட்டவர் ஒருவரும் இல்லை. ஆகவே எலிப்பொறி வந்தது. அதற்குள் ஒரு முழு சாக்பீஸும் வைக்கப்பட்டது. மறுநாள் காலை பார்த்தால் சாக்பீஸும் இல்லை, எலியும் இல்லை, பொறி மட்டும் சமர்த்தாக மூடிக் கிடந்தது.

"படிச்ச எலி போலிருக்கு," என்றாள் அண்ணி.

அந்தப் படித்த எலி அப்போது அண்ணிக்கு எதிர் மெஷினில் உட்கார்ந்து, தலை நிமிராமல் காலர் தைத்துக்கொண்டிருந்தது. வயது நாற்பத்தெட்டு. உறவில் அண்ணிக்கு நாத்தனார். கடைக்கு வருகிறவர்கள் அண்ணியைப் பெரிய டெய்லர் என்றும் இவளைச் சின்ன டெய்லர் என்றும் சொல்வார்கள். காதோரம் நரைத்த பிறகும் சின்ன டெய்லர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி ஊரார் பட்ட கவலையில் பத்தில் ஒரு பங்கு கூட அவள் பட்டதில்லை.

சாக்பீஸ் தின்னும் பழக்கம் எப்படி ஒட்டிக்கொண்டது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒருநாள் கோடு போட்டு முடித்த கை வாய்க்குப் போனது. நாக்கில் அந்தப் பொடி பட்டதும், அடடா, அப்படி ஒரு நிம்மதி! அன்றைக்குக் கால் துண்டு. அப்புறம் அரைத் துண்டு. இப்போது ஒன்றரை இல்லாமல் பொழுது போகாது. வெட்கமாகத்தான் இருந்தது. நாலு பேர் மதிக்கிற பெண்பிள்ளை, கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாக்பீஸ் கடிக்கிறாள் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

கடை இருந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்க கேட்டுக்கு எதிரில். ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை, மறுபக்கம் மருந்துக்கடை. ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துத் தருவதுதான் பிரதான தொழில். அண்ணி வெட்டுவாள், சின்ன டெய்லர் தைப்பாள். வெள்ளைத் துணியில் ஒரு சங்கடம் உண்டு. அதற்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று இரண்டு பக்கம் இருக்கிறது. ஆனால் பார்த்தால் தெரியாது. புதுத் துணியில் இரண்டும் ஒரே மாதிரி பளிச்சென்று இருக்கும். ஒரு சலவை போய் வந்தால்தான் வண்டவாளம் தெரியும்: நல்ல பக்கம் மினுமினுப்பாகவே நிற்கும், கெட்ட பக்கம் மங்கிப் பஞ்சு கிளப்பிவிடும். அதனால் மற்ற கடைகளில் துணியை வெட்டும்போதே கெட்ட பக்கத்தில் சாக்பீஸால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவைப்பார்கள்.

இந்தக் கடையில் மட்டும் அந்த வழக்கம் கிடையாது. சின்ன டெய்லர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத் துணியை ஒரு நிமிண்டு நிமிண்டுவாள். "இது நல்லது, இது கெட்டது," என்பாள். முப்பது வருடத்தில் ஒருமுறை பிசகியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பந்தயம் கட்டிச் சொல்வாள். மருந்துக்கடைக்காரர் தன் கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கூட்டி வந்து வேடிக்கை காட்டியதும் உண்டு. அழகு, படிப்பு, பாட்டு என்று மற்றவர்களுக்கு எத்தனையோ இருக்கலாம். அவளுக்கு விரல் இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல வேண்டாம்.

சாக்பீஸோடு வேறு சிலதும் சேர்ந்திருந்தன. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. காரம் பட்டால் நாக்கு எரிந்தது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு கம்மென்று ஊதிக்கொண்டது. மருந்துக்கடைக்காரரிடம் சொன்னபோது, "வயித்துல ஆசிட் ஜாஸ்தி. அதை அடக்கணும்," என்று ஒரு மாத்திரை கொடுத்தார். ஒரு வருடமாக அடக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளில் சில மாதமாக ஒரு மதமதப்பு. உறை போட்டுக்கொண்டு துணியைத் தொடுவதுபோல் இருந்தது. குளிர்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெயில் காலம் வந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் பன்னிரண்டு கோட்டு தைத்துப் போனது. போய் ஒரு மாதம் ஆகவில்லை, வயிற்று டாக்டரம்மா கோட்டோடு கடைக்குள் நுழைந்தார்.

வயிறு, குடல் சம்பந்தப்பட்ட வியாதிகளைப் பார்க்கிறவர் என்பதால் அவருக்கு அந்தத் தெருவில் அதுதான் பெயர். வாட்டசாட்டமான மனுஷி. எதையும் உரக்கத்தான் சொல்வார்.

"இங்க பாருங்க பெரிய டெய்லர்! ஒரு கை பளபளன்னு இருக்கு, ஒரு கை சாம்பல் பூசின மாதிரி இருக்கு. என்னுது மட்டும் இல்ல, பன்னெண்டும் இப்படித்தான். ஒருத்தருக்கு முதுகு, ஒருத்தருக்குப் பாக்கெட். நாங்க வரிசையா வார்டுக்குள்ள போனா பேஷன்டெல்லாம் நோவை மறந்து சிரிக்கிறாங்க!"

"துணியில ஒண்ணும் இல்ல. உங்க சலவைக்காரங்க சோப்பு சரியில்ல," என்றாள் அண்ணி, கண்ணைக்கூட இமைக்காமல்.

சின்ன டெய்லர் கோட்டை வாங்கிப் பார்த்தாள். கண்ணுக்கே தெரிந்தது. வலது கை நல்ல பக்கம், இடது கை கெட்ட பக்கம். விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இன்னொரு முறை தடவினாள். கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் கூட விரலுக்குத் தெரியவில்லை.

"சோப்பு இல்ல அண்ணி. தப்பு என்னுது," என்றாள்.

அப்படி ஒரு வாக்கியம் அந்தக் கடையில் அபூர்வம்.

"பிரிச்சுத் தைச்சுக் குடுத்துடறேன் டாக்டரம்மா," என்று சொல்லி, சின்ன டெய்லர் அந்த இடத்திலேயே கையைப் பிரிக்க அடையாளம் வைத்துக் குண்டூசி குத்த ஆரம்பித்தாள். நாலாவது ஊசி துணிக்குள் போவதற்குப் பதிலாக இடது கை ஆள்காட்டி விரலுக்குள் போனது. அவள் ஐந்தாவது ஊசியை எடுத்தாள்.

டாக்டரம்மாவின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "வலிக்கலியா?"

"எது?"

"விரல்ல ஊசி நிக்குது."

சின்ன டெய்லர் குனிந்து பார்த்தாள். நின்றது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு இரத்தம்; அதுவும் சோகை பிடித்த வெளிறிய சிவப்பு. அண்ணி "ஐயையோ!" என்று ஓடிவந்து ஊசியைப் பிடுங்கி, அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் கடை ஆஸ்பத்திரியாகிவிட்டது. டாக்டரம்மா அவளை ஸ்டூலில் உட்காரவைத்துக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. நகத்தைப் பார்த்தார். நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும்போல் இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னார்.

"அவ இதுவரைக்கும் யார்கிட்டயும் நாக்கை நீட்டினதில்ல டாக்டரம்மா," என்றாள் அண்ணி.

"இப்ப நீட்டட்டும்."

நாக்கு சிவந்து, சொரசொரப்பே இல்லாமல் வழவழவென்று இருந்தது. டாக்டரம்மா பஞ்சைத் திரித்து விரல் நுனியில் தொட்டார். கண்ணை மூடியிருந்த சின்ன டெய்லர், "தொடுங்க டாக்டரம்மா, ரெடி," என்றாள். தொட்டு மூன்று முறை ஆகியிருந்தது.

"இன்னொண்ணு கேக்கறேன். வெக்கப்படாம சொல்லணும். மண்ணு, சாம்பல், ஐஸ்கட்டி இந்த மாதிரி எதையாச்சும் திங்கணும்னு தோணுதா?"

"அந்த மாதிரி அசிங்கமெல்லாம் எங்க குடும்பத்துல கிடையாது," என்று அண்ணி முந்திக்கொண்டாள்.

சின்ன டெய்லர் இடுப்புப் பையில் கைவிட்டு, பல் தடம் பதிந்த அரை சாக்பீஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அண்ணி அதைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். மூலையில் இருந்த பொறியைப் பார்த்தாள். "அடிப்பாவி! நீதானா எலி?"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. "உடம்புல இரும்புச்சத்து வத்திப் போனா இப்படித்தான் கண்டதைக் கேக்கும். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க."

இரத்தம் எடுத்தார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்த்தார்கள். நாலு நாள் கழித்து டாக்டரம்மா தன் அறையில் இரண்டு பேரையும் உட்காரவைத்து, துணிக்கடை பாஷையிலேயே விளக்கினார். "உங்க இரைப்பையோட உள் லைனிங் தேஞ்சு போச்சு. வெளியிலருந்து கிருமி வந்து அரிக்கல. உங்க உடம்பே அதை எதிரின்னு நினைச்சு அரிக்குது. அந்த லைனிங் இருந்தாத்தான் ஆசிட் சுரக்கும், இரும்புச்சத்து உள்ள போகும். பி-12ன்னு ஒரு வைட்டமின், அதைக் கையைப் பிடிச்சுக் குடலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கும் அங்கதான் ஆள் இருக்கு. உங்ககிட்ட அந்த ஆள் இல்ல. அதனால நீங்க எவ்வளவு நல்லா சாப்பிட்டாலும் சத்து வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிப் போயிடுது."

"அப்ப அந்த ஆசிட் மாத்திரை?" என்றாள் சின்ன டெய்லர்.

"உங்க வயித்துல ஆசிட்டே கிடையாது. ஒரு வருஷமா இல்லாத ஆளை அடக்கிட்டு இருந்திருக்கீங்க."

மருந்துக்கடைக்காரருக்கு அன்று சாயங்காலம் அண்ணியிடம் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது.

"வைத்தியம் சுலபம்," என்றார் டாக்டரம்மா. "இரும்பை நேரா நரம்புல ஏத்திடலாம். பி-12 ஊசி முதல்ல ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் மாசக் கணக்குல இடைவெளி விட்டு, ஆயுசுக்கும். வருஷா வருஷம் வந்து வயித்தைக் காட்டிட்டுப் போகணும்."

சின்ன டெய்லருக்கு அதெல்லாம் காதில் சரியாக ஏறவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்.

"விரல் வருமா டாக்டரம்மா?"

டாக்டரம்மா மேஜை விளிம்பைத் தடவினார். "நரம்பு சமாச்சாரம். உயிர் பயம் இல்ல, மூச்சிரைப்பு போயிடும், தெம்பு வந்துடும். விரல் மட்டும்... எவ்வளவு நாளா இப்படி இருந்ததுங்கறதைப் பொறுத்தது. முழுசா வரலாம். பாதி வரலாம். ஆறு மாசம் பொறுத்துப் பாக்கணும். நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோது சின்ன டெய்லர் அழுதுவிட்டாள். "இந்த விரல் இல்லேன்னா நான் யாரு அண்ணி? சொல்லுங்க, யாரு?"

"எலி," என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊசிக் கதை தனிக் கதை. முப்பது வருடம் ஊசியோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ஆஸ்பத்திரி ஊசி என்றால் அத்தனை பயம்! நர்ஸ் பஞ்சை நனைக்கும்போதே கண்ணை இறுக மூடிக்கொள்வாள். "விரல்ல குத்தினா தெரியல, கையில குத்தினா மட்டும் ஊருக்கே தெரியற மாதிரி கத்தறா," என்று அண்ணி நர்ஸிடம் முறையிடுவாள். ஆனாலும் ஒரு ஊசிகூடத் தவறாமல் இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான்.

இரும்பு ஏறிய மூன்றாம் வாரம் சின்ன டெய்லர் பழக்கதோஷத்தில் ஒரு சாக்பீஸைக் கடித்து, உடனே தூவென்று துப்பினாள். சுண்ணாம்புச் சுவரை நக்கின மாதிரி இருந்தது. இதையா ஒன்றரை தின்றோம் என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. மாடிப்படி ஏறினாள், மூச்சு வாங்கவில்லை. கன்னத்தில் நிறம் வந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் அண்ணன் சாப்பிடும்போது அவளை ஏற இறங்கப் பார்த்து, "பத்து வயசு குறைஞ்சுட்டே," என்றார். அவர் வாரத்துக்கு இரண்டு வாக்கியம் பேசுகிற ஆள். அதில் ஒன்றை இதற்குச் செலவழித்தார்.

விரல் மட்டும் வரவில்லை.

பன்னிரண்டு கோட்டையும் பிரித்துத் தைத்துக் கொடுத்தாயிற்று. அடுத்த வேலை வந்தபோது, வெட்டி அடுக்கியிருந்த துணியைச் சின்ன டெய்லர் கையில் எடுத்தாள். ஒவ்வொரு துண்டின் மூலையிலும், தையலுக்குள் மறைகிற இடத்தில், கடுகளவு பெருக்கல் ஒன்று போட்டிருந்தது. அண்ணியின் கைவேலை. மத்தியானம் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சாக்பீஸ் இல்லாமலே பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தாள். அண்ணி நல்லதுக்குத்தான் செய்கிறாள் என்று தெரியும். தெரிந்தால் மட்டும் வலிக்காமல் இருக்குமா?

மூன்று மாதம் பெருக்கலைப் பார்த்தே தைத்தாள். நடுவில் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுவென்றது. டாக்டரம்மாவிடம் ஓடினால், "ஊரட்டும், நல்லதுதான்," என்றார். தினமும் காலையில் தன் புடவைத் தலைப்பைத் தடவிப் பார்ப்பாள். வாசல் கதவைத் தடவுவாள். அண்ணனின் மொட்டைத் தலையைக்கூட ஒருமுறை தடவிப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அந்த வாரத்துக் கணக்கு தீர்ந்திருக்கும்.

நாலாவது மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி பன்னிரண்டு கோட்டு. டாக்டரம்மாதான் சிபாரிசு பண்ணியிருந்தார். "இந்தத் தடவை சொதப்பினா என்னையும் சேர்த்து மாத்திடுவாங்க," என்று வாசலிலேயே கத்திவிட்டுப் போனார். புது மில் துணி வந்திறங்கியது. அண்ணி ஒரே மூச்சில் வெட்டி, பெருக்கல் போட்டு அடுக்கினாள்.

சின்ன டெய்லர் முதல் துண்டை எடுத்தாள். பெருக்கல் இருந்த பக்கத்தை உள்ளே மடித்தாள். கட்டைவிரல் தானாக ஒருமுறை நிமிண்டியது, பழைய பழக்கம். நின்றாள். இன்னொரு முறை நிமிண்டினாள். அடுத்த துண்டை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள்.

"அண்ணி."

"ம்."

"பெருக்கல் நல்ல பக்கத்துல விழுந்திருக்கு."

கத்தரிக்கோல் நின்றது. "எதுல?"

"எல்லாத்துலயும்."

"எல்லாத்துலயுமா?" அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஒண்ணுல தப்புன்னா நான் கவனிக்கலைன்னு சொல்லு. எல்லாத்துலயும் தப்புன்னா, தப்பு துணியில இல்ல, உன் விரல்ல. இத்தனை வருஷமா துணிச் சுருள்ல நல்ல பக்கம் உள்ளதான் இருக்கும். அதைப் பாத்துத்தான் போட்டேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சின்ன டெய்லரைக் கொன்றது. ஆசைப்பட்டு ஆசைப்பட்டு விரல் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டதோ? எறும்பு ஊர்கிற விரலை நம்பி இன்னொரு பன்னிரண்டு கோட்டைக் கெடுப்பதா? வாயை மூடிக்கொண்டு பெருக்கலைப் பார்த்துத் தைத்துவிட்டுப் போய்விடலாம். தப்பானால் அண்ணியோடு போகும்.

ஆனால் விரல் சொன்னது. தெளிவாகச் சொன்னது.

"துவைச்சுப் பாத்துடலாம் அண்ணி," என்றாள்.

"பாத்துடலாம்!" என்றாள் அண்ணி.

வெட்டி மிஞ்சிய ஒரு துண்டில் அண்ணி பெருக்கல் போட்டாள். அது சலவையில் போய்விடும் என்று, அதே பக்கத்தில் சிவப்பு நூலால் ஒரு தையலும் போட்டாள். வாளியில் சோப்பைக் கரைத்தாள். ஆஸ்பத்திரிச் சலவையில் என்ன படுமோ அதைவிட ஒரு படி அதிகமாகவே அந்தத் துண்டைக் கசக்கினாள், பிழிந்தாள், தரையில் அடித்தாள். மறுபடி சோப்பு, மறுபடி அடி. ஆறு சலவை ஆனது. பிறகு இஸ்திரிப்பெட்டியை வைத்து ஈரம் போகத் தேய்த்தாள். இஸ்திரிப்பெட்டி உஸ்ஸென்றது. சின்ன டெய்லருக்குக் கை வியர்த்து, அதைப் புடவையில் துடைத்துத் துடைத்து மாளவில்லை.

அண்ணி துண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள். சிவப்புத் தையல் இருந்த பக்கத்தைப் பார்த்தாள். மினுமினுவென்றிருந்தது. திருப்பினாள். மங்கிப் பஞ்சு கிளப்பியிருந்தது. மறுபடி திருப்பினாள்.

உள்ளே வந்து துணிச் சுருளைப் பிரித்துப் பார்த்தாள். பெருக்கல் போட்டது சுருளின் வெளிப்பக்கத்தில். அப்படியானால் புது மில்காரன் நல்ல பக்கத்தை வெளியே வைத்துச் சுருட்டியிருக்கிறான்.

சின்ன டெய்லர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி இப்போது மில்காரனைத் திட்டுவாள், சோப்பைத் திட்டுவாள், வெளிச்சம் சரியில்லை என்பாள் என்று காத்திருந்தாள்.

அண்ணி ஒன்றும் திட்டவில்லை. வந்து நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஊசி நின்ற அந்த ஆள்காட்டி விரலைத் தேடிக் கண்டுபிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கை உறிஞ்சினாள். பிறகு என்ன நினைத்தாளோ, செல்போனை எடுத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் இருந்திருக்க வேண்டும். மணி நிறைய அடித்த பிறகுதான் எடுத்தார்.

"என்னங்க, கேளுங்க! நான் தப்பு பண்ணிட்டேன்! பன்னெண்டு கோட்டுலயும் நான் பண்ணினது தப்பு! முழுத் தப்பு! எல்லாம் என் தப்பு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சந்தோஷமாகக் கூவினாள்.

அந்தப் பக்கத்தில் ஸ்பேனர் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"யாரு பேசறது?" என்றார் அண்ணன்.